கண்ணுசாமி, எழுபத்தாறு

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் இருந்த அந்தக் கல்லூரியில் உளவியல் துறை என்பது ஒரு மனிதரும் ஓர் இரும்பு அலமாரியும் சேர்ந்தது. மனிதரின் பெயர் கண்ணுசாமி. அலமாரியின் சாவி தொலைந்துபோய் அது எப்போதும் திறந்தே கிடந்தது. கண்ணுசாமி எழுதி அச்சேறிய ஆய்வுக் கட்டுரைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அதாவது, ஒன்று இருந்தது.

அந்த ஒன்று எழுபத்தாறாம் வருடம் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவர் இரண்டாவதை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி வசந்தாமணி இதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கட்டுத்தரையில் எருமை ஈத்துக்கு ஒரு கன்று போடுகிற சமயத்தில் மட்டும், “பாத்தீங்களா, இவ தவறாம வெளியிடறா,” என்பாள். கண்ணுசாமி கன்றைத் தடவிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் எழுத உட்காருவார்.

கட்டுரையின் பொருள், கிடா துளுக்குவது.

வசந்தாமணி பிறந்த ஊர் ஊஞ்சக்காட்டுப்புதூர். அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டுவதற்கு, அதாவது திருவிழாவை அறிவிப்பதற்கு, முன்னால் அம்மனிடம் உத்தரவு கேட்பார்கள். ஒரு கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதறினால் அதுதான் துளுக்கு. அம்மன் சரி சொல்லிவிட்டாள் என்று பொருள். மற்ற ஊர்களில் அதோடு கிடாவின் கதை முடியும். ஊஞ்சக்காட்டுப்புதூர் அம்மனுக்கு வெட்டு ஆகாது, கேட்பதோடு சரி. கிடா மாலையோடு வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஒரே கிடாவை வருடா வருடம் கேட்க முடிந்தது. கிடாவுக்கும் அனுபவம் கூடிக்கொண்டு போனது. நாளாவட்டத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பைத் தூரத்தில் கண்டாலே அது முகத்தைத் தீர்ப்புச் சொல்லப் போகிறவர் மாதிரி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

கிடா துளுக்காவிட்டால், கூட்டத்தில் யாரோ மனசில் கசப்பை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கணக்கு. உடனே ஒருவர் மாற்றி ஒருவராக வெளியே எடுத்துப் போடுவார்கள். வரப்பை வெட்டினவன், கல்யாணத்துக்குக் கூப்பிடாதவள், கிணற்றுக்குள் பூசணிக்காயை உருட்டிவிட்டது யார் என்பது, எல்லாம் வரும். அழுகை வரும். கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் கிடா துளுக்கும்.

கண்ணுசாமி விளையாட்டுத் துறையிலிருந்து ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய், பல வருடம் அந்தக் கிடாவுக்குப் பக்கத்தில் நின்றார். கிடா எவ்வளவு தாமதம் செய்கிறதோ அவ்வளவு சண்டைகள் தீர்கின்றன என்பது அவர் கண்டது. பசி எடுக்கும் வரைதான் இது. பசி எடுத்த பிறகு புதுச் சண்டைகள் உற்பத்தியாகின்றன. ஆக, மனிதர்களைச் சேர்த்து வைப்பது கிடா கிடையாது, காத்திருப்பு. இதை அவர் ஆங்கிலத்தில் எழுதி வடக்கே ஓர் ஊரிலிருந்து வரும் உளவியல் இதழுக்கு அனுப்பினார். கிடா இல்லாமலும் சோதித்தீர்களா என்று கேட்டார்கள். அவர் போய் வெறும் தண்ணீர்க் குடத்தைச் சுற்றி ஊரை நிற்கச் சொன்னார். யாரும் வரவில்லை. அதையும் முடிவாக எழுதினார். ஆய்வின் நோக்கம் கிடாவுக்கு முன்கூட்டியே தெரியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. கிடாவிடம் எதுவும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கட்டுரை அச்சானது.

அச்சான பிறகு உலகம் வழக்கம்போல் நடந்தது.

எண்பத்து மூன்றாம் வருட ஆரம்பத்தில் கல்லூரி முதல்வர் கண்ணுசாமியைக் கூப்பிட்டார். அடுத்த வருடம் பங்குனியில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள். துறை தேறுமா தேறாதா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால் ஜூனில் துறையை மூடிவிட்டு, அவரை விடுதிக் காப்பாளர் ஆக்கிவிட வேண்டியதுதான் என்றார். “கட்டுரை ஒண்ணுன்னாலும் பரவாயில்லை. அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க? அதுதான் கேப்பாங்க.”

யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அகரவரிசைப்படி சொல்லும் தடித்தடியான புத்தகங்கள் வெளிநாட்டிலிருந்து வருவதுண்டு. கண்ணுசாமி பெங்களூர் வரை போய் நூலகத்தில் அவற்றைப் புரட்டினார். மேலே ஒரு கொசு ஆராய்ச்சியாளர், கீழே ஒரு கடற்பாசி ஆராய்ச்சியாளர். இருவரையும் பாதி உலகம் எடுத்துச் சொல்லியிருந்தது. நடுவில் கண்ணுசாமி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளியைக்கூட விட்டு வைக்கவில்லை.

திரும்பி வந்த மறுநாள் மச்சினன் சென்னியப்பன் வீட்டுக்கு வந்தார். வசந்தாமணியின் அண்ணன்; ஊஞ்சக்காட்டுப்புதூர் கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. கிடாவும் அவருடையது.

“என்னுங்க மாப்ள, மொகம் இப்படிக் கெடக்குது?”

“துறையை மூடிப்போடுவாங்களாட்ட இருக்குது மச்சான். அப்பறம் ஆஸ்டல்ல பசங்களுக்குப் போடற இட்லியை எண்ணிக்கிட்டுக் கெடக்கோணும்.”

“எதுக்கு மூடறாங்க?”

“என்ற கட்டுரையை ஆரும் எடுத்துச் சொல்லலையாம்.”

“எடுத்துச் சொல்றதுன்னா எப்படிச் சொல்றது?”

“அவிங்க ஒரு காரியத்தைப் பத்திச் சொல்லீட்டு இருக்கறப்ப, இது இன்னார் சொன்னது, இன்ன வருசம் சொன்னதுன்னு பேரையும் வருசத்தையும் சொல்லோணும். கண்ணுசாமி, எழுபத்தாறுன்னு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“எத்தன பேரு சொன்னாப் போதும்?”

“ஒரு பத்துப் பேரு சொன்னாக்கூட நான் பெரிய ஆளு மச்சான்.”

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “பத்தா! நம்மூரு நோம்பிக்கு எத்தன சனம் கூடுதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? போயி நிம்மதியா ஒறங்குங்க.”

அச்சில் சொல்ல வேண்டும் என்பதைக் கண்ணுசாமி சொல்ல மறந்துவிட்டார். சென்னியப்பனும் கேட்கவில்லை.

அந்த மாசியில் கிடாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சென்னியப்பன் முன்னால் வந்து, கோயில் மணியடித்துக் கூட்டத்தை அடக்கி, “கண்ணுசாமி, எழுபத்தாறு!” என்று ஒரு குரல் கொடுத்தார். “மனசுல இருக்கறதை வெளிய கொட்டுங்க. நேரம் ஆனாலும் போச்சாது. கெடா நிக்க நிக்க நமக்கு நல்லது. நாஞ் சொல்லலை, கண்ணுசாமி சொல்றாரு, எழுபத்தாறுல.” கூட்டமும், “கண்ணுசாமி, எழுபத்தாறு!” என்றது.

அந்தப் பக்கத்தில் ஒரு சங்கதி ஊரை விட்டுக் கிளம்ப லாரி இருந்தால் போதும். நாமக்கல்லில் லாரிக்குப் பஞ்சமில்லை. சித்திரை பிறப்பதற்குள் தம்மம்பட்டியில் சொன்னார்கள். ஆத்தூரில் சென்னியப்பனின் சம்பந்தி ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார். அங்கே கிழங்கு உரிக்கிற பெண்களுக்குள் சச்சரவு வந்தபோது, கிடாவே இல்லாமல், “கண்ணுசாமி எழுபத்தாறுல சொல்லிக்கிறாருப்பா, உள்ள வச்சிக்காதீங்க,” என்று தீர்த்து வைத்தாராம். குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் தறிகளை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். இது வரை நம்பலாம். புருசன் பெண்டாட்டி சண்டையில் ஒரு பெண் “கண்ணுசாமி” என்று ஆரம்பித்ததுமே புருசன் “எழுபத்தாறு” என்று காலில் விழுந்தான் என்பது சங்ககிரிக்கு அந்தப் பக்கம் சொல்வது. அதற்குச் சாட்சி இல்லை.

கண்ணுசாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கவலை வந்தது. தம்மம்பட்டியில் நேர்ந்துவிட்டு இன்னும் வெட்டாத ஒரு கிடா அந்தப் பேரைக் கேட்டதுமே துளுக்கிவிடுகிறது என்று பேச்சு. கிடா உடனே துளுக்கினால் காத்திருப்பு ஏது? காத்திருப்பு இல்லாவிட்டால் சமாதானம் ஏது? தம்மை மேற்கோள் காட்டியே தம் கட்டுரையைப் பொய்யாக்கிவிடுவார்கள் போலிருந்தது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கோயில் வாசலில் ஒருவரிடம், “ஏனுங்க, ஆருங்க அந்தக் கண்ணுசாமி?” என்று கேட்டார்.

“வெளியூருங்களா? கொல்லிமலையில எழுபத்தாறு வருசம் வாய் பேசாம இருந்த சித்தருங்க.”

தாம் ராசிபுரத்திலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்த ஆள் என்பதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கிடாவைப் பார்த்தார். அதற்குக் காதுக்குள் உண்ணி. யார் பெயரைச் சொன்னாலும் உதறியிருக்கும். நிம்மதியாக ஊர் திரும்பினார்.

மறு வருடம் பங்குனியில் பேராசிரியர்கள் வந்தார்கள். ஒருவர் சண்முகவேல், சென்னைக்காரர், ஒல்லி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். இன்னொருவர் வேலுமணி, கோயமுத்தூர் பக்கம், பெரிய உடம்பு. இருவரும் ஒரே காரில் வந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முன் சீட்டில் ஒருவர், பின் சீட்டில் ஒருவர். “ராசப்பா, கண்ணாடியை ஏத்தச் சொல்லு,” என்று ஒருவர் ஓட்டுநரிடம் சொல்வார். “ராசப்பா, வெக்கையா இருக்குன்னு சொல்லு,” என்பார் அடுத்தவர். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் என்று ராசப்பன் முதல்வரின் காதில் ஓதினான். ஒருவர் கட்டுரையில் இன்னொருவர் பெயரைச் சொல்லியே தீர வேண்டிய இடம் வந்தால், “தென்னாட்டுப் பேராசிரியர் ஒருவர்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்களாம்.

விசாரணை அலமாரிக்கு முன்னால் நடந்தது.

“ஒரு கட்டுரை,” என்றார் சண்முகவேல்.

“ஆமாங்க ஐயா.”

“மேற்கோள்கள்?”

“அச்சில் இல்லைங்க ஐயா.”

“அச்சில் இல்லாமல் வேறு எதில் இருக்கும்?”

கண்ணுசாமி கொல்லிமலைச் சித்தரை நினைத்துக்கொண்டார். வேலுமணி கட்டுரையைக் கையில் வாங்கி நின்றபடியே படித்தார். குடத்தைச் சுற்றி யாரும் வராத இடத்தில் அவர் வயிறு குலுங்கியது. “நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. ஆனா ஒருத்தர்கூடக் கண்டுக்கலையே,” என்றார். சண்முகவேல் கோப்பை மூடி நாடாவைக் கட்டினார். “வருந்துகிறேன், கண்ணுசாமி. மூடச் சொல்லித்தான் எழுத வேண்டியிருக்கும்.”

சேலம் போய் ரயில் ஏறுவதற்காக அவர்கள் புறப்பட்டபோது, வழியனுப்பும் மரியாதைக்குக் கண்ணுசாமியும் காரில் ஏறிக்கொண்டார். விடுதிச் சமையல்காரர் இட்லியை எந்தத் தட்டில் வைத்து எண்ணுவார் என்று யோசித்துக்கொண்டு வந்தார். ஊஞ்சக்காட்டுப்புதூர் முக்கில் கார் நின்றது. சாலையை அடைத்துக்கொண்டு கூட்டம். நடுவில் மாலையோடும் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டவும் கிடா. மாசியில் கேட்க வேண்டிய உத்தரவைச் சென்னியப்பன் இந்த வருடம் பங்குனிக்குத் தள்ளிப் போட்டிருந்தார். நாள் குறிக்க அவர் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை; தங்கச்சியிடம், குழு என்றைக்கு வருகிறது என்று கேட்டிருந்தார்.

“வழி உடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு!” என்றான் ராசப்பன்.

“கெடா துளுக்கட்டுமுங்க. அதுக்கு முன்னால ஆரும் தாண்டப்படாது,” என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டு, காருக்குள் கேட்கிற மாதிரி மணியை அடித்தார். “கண்ணுசாமி, எழுபத்தாறு!”

“கண்ணுசாமி, எழுபத்தாறு!” என்றது ஊர்.

சண்முகவேல் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். வேலுமணி சன்னலில் தலையை நீட்டி, பக்கத்தில் நின்ற கண்ணாத்தாள் என்ற பெண்ணைக் கூப்பிட்டார். “ஏனம்மா, ஆரைச் சொல்றீங்க?”

“அதா, உங்க காருக்குள்ளாறதான் பம்மிக்கிட்டுக் குந்தியிருக்கறாரு.”

கண்ணுசாமி இருக்கைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

கண்ணாத்தாளுக்கு அதற்கு மேல் நிற்க நேரமில்லை. அவளுக்கும் நங்கையாளுக்கும் ஒரு முருங்கை மரத்து விவகாரம் இருந்தது. மரம் இந்தப் பக்கம், காய்ப்பது அந்தப் பக்கம். “பறிச்சது நாந்தான், நங்கையா. ஆனா நீ என்னைய வாழாவெட்டின்னு சொன்னியே, அதுக்குத்தான் பறிச்சேன்,” என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் அழுது, மூக்கைச் சிந்தி, மரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்வதாக முடிந்தது. இன்னும் சிலர் வந்தார்கள், கொட்டினார்கள், போனார்கள். சண்முகவேல் தம்மை மறந்து கட்டுரையை எடுத்து, கண்முன்னால் நடப்பதோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தார். கண்ணுசாமியின் கை பைக்குள் போய்க் கடிகாரத்தை அமுக்கியது, பழக்கதோஷம்.

கிடா துளுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் முதுகில் காய ஆரம்பித்ததால் இன்னொரு செம்பு ஊற்றினார்கள். சென்னியப்பன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஊர்க்காரங்க எல்லாருங் கொட்டியாச்சு. இன்னும் ஆரோ வெச்சுக்கிட்டு இருக்கறீங்க.”

கூட்டம் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டது. பிறகு காரைப் பார்த்தது. ராசப்பனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து குதித்தான். “எம் மேல தப்பு இல்லைங்க! இவிங்க ரெண்டு பேருந்தானுங்க பேசறதில்லை. கண்ணாடி ஏத்தறதுக்குக்கூட நாந்தான் நடுவுல.”

“எறங்குங்க சாமி,” என்றார் சென்னியப்பன், ரொம்ப மரியாதையாக.

இறங்கினார்கள். இறங்காமல் ரயிலைப் பிடிக்க முடியாது. சண்முகவேல் கிடாவுக்கு இந்தப் பக்கமும் வேலுமணி அந்தப் பக்கமும் நின்றார்கள்.

“நான் ஒரு புத்தகம் எழுதினேன்,” என்று சண்முகவேல் கிடாவைப் பார்த்துச் சொன்னார். “பத்து வருட உழைப்பு. அதற்கு மதிப்புரை எழுதச் சொல்லி இவரிடம் கொடுத்தார்கள். இவர் எழுதியது ஒரே ஒரு வரி. ‘புத்தகத்தின் தாள் தரமாக இருக்கிறது.’”

கூட்டம் யோசித்தது. “தாளு நல்லா இருக்குதுன்னா நல்லதுதானுங்களே?” என்றாள் கண்ணாத்தாள்.

“உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே அம்மா!” என்றார் சண்முகவேல். நங்கையாள் தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேலுமணி கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் மூணு பக்கம் எழுதுனேன். இந்தத் துறையில இப்படி ஒரு புத்தகம் தமிழ்நாட்டுல வந்ததில்லைன்னு எழுதுனேன். பத்திரிகைக்காரன் எடம் இல்லைன்னு முன்னால பின்னால வெட்டிப்போட்டான். மிச்சம் நின்னது அந்த வரி.”

“அதை ஏன்யா இத்தனை வருசமாச் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே! அடுத்த மாசமே என்னை ‘தென்னாட்டுப் பேராசிரியர் ஒருவர்’னு எழுதுனீங்க. எனக்குக் கோவம் வராதா?”

சண்முகவேல் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதால் எதிரே இருந்தவர் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அது வசதியாக இருந்தது. “மூணு பக்கமா?” என்றார்.

“மூணரைன்னு வெச்சுக்குங்க.”

அப்போது கிடா துளுக்கியது. அந்த ஊர் கண்ட துளுக்குகளிலேயே பெரியது என்று சொல்வார்கள். சண்முகவேலின் சட்டை, வேலுமணியின் வேட்டி, முருங்கை மரத்தார் இருவரின் சேலை, எல்லாம் மஞ்சள். மேளம் அடித்தது. ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு போட்டார்கள். இலைக்கு முன்னால் சண்முகவேல் கோப்பின் நாடாவை அவிழ்த்தார். “வாய்வழி மேற்கோளைக் கணக்கில் சேர்க்க விதி இல்லை,” என்றார், நேரடியாக வேலுமணியைப் பார்த்து.

“விதி அச்சுலதான வேணுங்குது? நாம அச்சுல போடலாம். இன்னைக்கு நடந்ததை எழுதுவோம். நீங்களும் நானும்.”

“எழுதினால் இவரைச் சொல்லாமல் எழுத முடியாதே.”

“அதத்தான் நானுஞ் சொல்றேன். நெய் ஊத்திக்குங்க.”

குழுவின் அறிக்கையில், துறை தொடரலாம் என்று எழுதினார்கள். ‘கட்டுரையின் தாக்கம் நேரில் காணப்பட்டது, ஆடைகளில் இன்னும் இருக்கிறது’ என்ற வரியை முதல்வர் அடித்துவிடச் சொல்லியும் அவர்கள் மறுத்துவிட்டார்கள். அலமாரிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்தது. மஞ்சள் கறை போகவே இல்லை. சண்முகவேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே பல கருத்தரங்குகளில் பேசினார் என்பார்கள்.

அடுத்த வருடம் கட்டுரை எழுதி முடித்தார்கள். மூன்றாவது பக்கத்திலேயே ‘கண்ணுசாமி, 1976’ என்று இருந்தது. கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்த சென்னியப்பன், “ஒருக்காத்தான் சொல்லியிருக்கறாங்களா? நம்மூர்ல ஒரு மூச்சுக்கு எத்தன சொல்றோம்!” என்று வருத்தப்பட்டார். ஆனால் பிரதி இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை. கட்டுரையின் தலையில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் இருவருக்கும் மறுபடி பேச்சு நின்றுபோயிருந்தது. ஆகவே மாசியில் இருவரும் ஒரே காரில் ஊஞ்சக்காட்டுப்புதூருக்கு வந்து இறங்கினார்கள், ராசப்பனை நடுவில் வைத்துக்கொண்டு.

கிடாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா இரண்டு பேராசிரியர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தது.

கண்ணுசாமி கடிகாரத்தை அமுக்கினார். சோறு எல்லாருக்கும் முன்கூட்டியே போட்டாகிவிட்டது. பசி குறுக்கே வரப் போவதில்லை. பசி இல்லாத காத்திருப்பு எவ்வளவு தூரம் போகும் என்று இது வரை யாரும் அளந்ததில்லை. இரண்டாவது கட்டுரை தம் கண்முன்னால் நனைந்துகொண்டு நிற்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. கிடா அவசரப்பட்டுவிடக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டார். அவர் எதற்காவது வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வசந்தாமணி பக்கத்தில் வந்து கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, ரெண்டாவது ஈத்துங்களா?”

“ஆமா போ,” என்றார் கண்ணுசாமி, முள்ளின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். “சத்தம் போடாத. கெடாவுக்குத் தெரியப்படாது.”